அஞ்சாவது சீட்டுக்கு ஆறுன்னு பேரு

ஆகஸ்ட் 9, 2025, சனி

திருநெல்வேலி வண்ணார்பேட்டை. இரவு. ஊசி போட்டுச் சதை எடுத்த இடத்தில் அம்மாவுக்குச் சின்னதாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். "வலிக்குதாம்மா" என்று கேட்டு முடிப்பதற்குள் "இல்லய்யா" என்றாள். யோசித்துச் சொல்லும் நாள்தான் நல்ல நாள்.

அவள் தூங்கியதும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசையில் போக்கர் சீட்டாட்டம் ஆடினேன். பெயருக்குப் பக்கத்தில் பச்சைக்கிளியின் படம் வைத்த ஆள் இன்றும் இருந்தான். எனக்கு அவன் கிளி. பன்னிரண்டு அடித்ததும் ஆப் நின்றுவிட்டது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை காசு வைத்து ஆடக் கூடாதென்று இந்த வருஷம் வந்த தமிழ்நாட்டு விதி. நல்ல விதிதான். ஆனால் கடைசியாக ஆடிய கையை, அந்த ஒரு சுற்றை, மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கு விதி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சி வந்து சேர்ந்தோம். அம்மா ஜன்னலோரம். சேரன்மகாதேவி தாண்டியதும் சாரல் காற்று முகத்தில் அடித்தது. நான் அந்தக் கையிலேயே இருந்தேன்.

என்னிடம் ஆஸ், ராணி. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழும் ஐந்தில் முதல் மூன்று சீட்டு ராணி, எட்டு, மூன்று. அதில் இரண்டு இஸ்பேட். நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், அதாவது பாட், 24 ரூபாய். கிளி செக் செய்தான், அதாவது எதுவும் வைக்காமல் விட்டான். நான் 12 வைத்தேன், அவனும் அதே 12ஐ வைத்துக் கால் செய்தான். அடுத்தது ஆர்ட்டின் இரண்டு, ஒன்றுக்கும் உதவாத சீட்டு. மறுபடி செக். நான் 24, அவன் கால். பாட் 96. கடைசிச் சீட்டு கிளாவர் எட்டு. இதுவரை பூனை மாதிரி பின்னாலேயே வந்தவன், சீட்டு விழுந்த மறுநொடி 96 ரூபாயைத் தூக்கி வைத்தான். முழு பாட்.

கணக்கு எனக்குத் தெரியும். 192 ரூபாயை எடுக்க 96 போட வேண்டும். மூன்று தடவையில் ஒரு தடவை அவன் நல்ல சீட்டு இல்லாமல் புளுகியிருந்தாலே கால் செய்வதில் நஷ்டமில்லை. ஐந்து இஸ்பேட் சேரும் ஃப்ளஷுக்குக் காத்திருந்து கிடைக்காமல் போயிருக்கலாம். அல்லது கையில் ஒரு எட்டு இருந்து இப்போது மூன்று எட்டாகியிருக்கலாம். பதினைந்து நொடி ஓடவிட்டு ஃபோல்ட் செய்தேன், சீட்டைக் கவிழ்த்து விலகினேன். அவன் காட்டவில்லை. எதற்குக் காட்ட வேண்டும்?

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மாவின் ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியம் சின்ன மாமாவுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். காசு வைக்கக் கூடாதென்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அடுக்களையிலிருந்து புளியங்கொட்டை வந்தது, ஆளுக்கு ஐம்பது. மூன்று சீட்டுக்கு ஃப்ளாப், நான்காவதற்கு டர்ன், கடைசிக்கு ரிவர், அதாவது ஆறு என்றேன்.

"என்னல, அஞ்சாவது சீட்டுக்கு ஆறுன்னு பேரா?"

அம்மா சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று!

மாமா கோயில் கொடைக்கு விடிய விடிய மூணு சீட்டு ஆடிய கை. நல்ல சீட்டு வந்தால் கொட்டையை ஒவ்வொன்றாக எண்ணி வரிசையாக வைக்கிறார். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி அள்ளித் தள்ளுகிறார். இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிளியைப் பற்றி நோட்டில் எழுதி வைத்ததையெல்லாம் மறுபடி படித்தேன். பாட் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் நடுத்தரச் சீட்டு. சட்டென்று பெரிதாக வைத்தால் நிஜமாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு நான்கு கை சாட்சி. அந்த நான்கும் யாராவது கால் செய்து, அவன் சீட்டைக் காட்ட வேண்டி வந்தவை. எல்லோரும் பயந்து விட்டுப்போன கைகள்? அவை ஒன்றுகூட நோட்டில் இல்லை. புளுகு பலித்தால் சீட்டு தெரியாது, பலிக்காவிட்டால்தான் தெரியும். காசு கொடுத்துப் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை எழுதிவைத்திருக்கிறேன். அந்த நான்கிலும் அவன் உண்மையாக வைத்திருந்தான் என்பது, மற்ற நாற்பதில் என்ன செய்தான் என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்?

ஆனாலும் அந்த 96 ரூபாய். மறுநொடியில் வைத்தானே. யோசிக்கவே இல்லையே. முன்கூட்டியே முடிவு செய்தவன்தான் அப்படி வைப்பான். சரி, என்ன முடிவு?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. கூழ். அம்மா அரை டம்ளர் குடித்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஐந்து நாளாக மாமாவை வாசித்துக்கொண்டிருந்தேன். எண்ணி வைத்தால் விலகினேன், அள்ளித் தள்ளினால் பிடித்தேன். ஆனாலும் என் பக்கம் கொட்டை குறைந்துகொண்டே போயிற்று. இன்று அவர் பதினோரு கொட்டையை நிதானமாக வரிசை வைத்தார். நான் இரட்டை ராஜாவை மனசில்லாமல் கவிழ்த்தேன். கொட்டையை இழுத்துக்கொண்ட பிறகு தன் இரண்டு சீட்டையும் முதல் தடவையாகத் தூக்கிப் பார்த்தார். ஏழு, நான்கு.

"பாக்காமலா மாமா ஆடுதீங்க?"

"பிளைண்டு ஆடுதேன் மருமவனே. பாத்துட்டா மூஞ்சி காட்டிக் குடுத்துரும்லா."

அப்புறம் எதற்கு எண்ணி எண்ணி வைத்தீர்கள் என்றால், விரலில் வாதமாம். சாரல் அடிக்கும் நாளில் விரல் மடங்காதாம். அள்ளித் தள்ளிய நாட்களில் வெயில்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். அந்தச் சதையில் இன்னொரு சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம், இன்னும் ஐந்தாறு நாள். பேசிய பெண் "வேற ஒண்ணுமில்ல சார்" என்று இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை வேகமாக. இரண்டாவது தடவைக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. பக்கத்தில் யாரோ எதையோ கேட்டிருக்கலாம். அந்தக் குரலை நான் கேட்டதே இரண்டு தடவைதான். இரண்டே இரண்டு.

அம்மாவிடம் "லேப்ல கூட்டமாம்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். "சரிய்யா" என்றாள். உடனே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூக்கமில்லை. மூன்று மணிக்கு எழுந்து நோட்டில் கிளிக்கு எதிரே இருந்ததையெல்லாம் அடித்தேன். காலையில் மறுபடி எழுதினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மொத்தத் தடை. மக்களவையில் நேற்று, மாநிலங்களவையில் இன்று. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லையாம், இரண்டும் ஒன்றுதான். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொன்னபோது மாமாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இன்று அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ராத்திரி மேசையில் கிளி இருந்தான். எதிரெதிரே ஒரு கைகூட அமையவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குடியரசுத் தலைவர் கையெழுத்தாகிவிட்டது. காசு மேசைகள் காணோம். மீதியை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பொத்தான் மட்டும். 340 ரூபாய்.

கையில் எட்டு இருந்ததா என்று இனி யாரிடம் கேட்க?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புளியங்கொட்டையில் வண்டு விழுந்துவிட்டது. மாமா முறத்தில் கொட்டி வெயிலில் வைத்திருக்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்குகிறாள். "இடுப்பு வலிக்குதாம்மா?" என்றேன். கையை நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம்" என்றாள்.

நாளை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணி வண்டி.