ஊருணிப் படிக்கட்டில் தொடங்கிய எண்ணம்

கணிதத்தில் பட்டம் பெற்று, மதுரையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் நான், பள்ளி ஆசிரியையாகலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன்.

மேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்கு, மைனஸ் ஐந்து எப்படி மைனஸ் மூன்றைவிடச் சிறியதாகும் என்பது விளங்கவேயில்லை. அவளை ஊருணிப் படிக்கட்டில் உட்காரவைத்து, நீர்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு, மூழ்கியிருக்கும் படிகளைக் காலால் தடவித் தடவி எண்ணச் சொன்னேன். மூன்றாம் படியில் பாவாடை நனைந்தது. அதற்குக் கீழே கால் எட்டவில்லை. "அப்ப அஞ்சு இன்னும் கீழ இருக்கு சித்தி!" என்று கத்தினாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வழி எளிதன்று. பி.எட். இரண்டு ஆண்டுகள், பிறகு தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் பொதுப்பிரிவினர் 150-க்கு 90 மதிப்பெண் பெற வேண்டும், அரசுப் பள்ளியில் சேர, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் தாண்ட வேண்டும். தேர்ச்சி பெற்றும் பணிக்குக் காத்திருப்போர் பலர் என்பதால், கையிலிருக்கும் சம்பளத்தை விடாதே என்று அம்மா சொல்வது நியாயமாகவே படுகிறது.

ஆனாலும் ஞாயிறுதோறும் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், ஆறாம் வகுப்பிலிருந்து கணக்குப் புத்தகங்களை மறுபடி படித்து வருகிறேன். இப்போது எட்டாம் வகுப்பு வடிவியலில் இருக்கிறேன். பி.எட். சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.