அத்தையின் பைண்டு புத்தகங்கள்

தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணுவது என்றால் என்ன என்று இப்போதெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது. வாரப் பத்திரிகை வரும். வீட்டில் எல்லோரும் படித்து, பக்கத்து வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பி வந்ததும், நடுவில் இருக்கும் பின்னைக் கத்தி முனையால் நிமிர்த்தி, கதைப் பக்கங்களை மட்டும் உருவி அடுக்கி வைப்பார்கள். கதை முடிந்ததும் அந்தக் கட்டு பைண்டரிடம் போகும். மிச்சமெல்லாம் எடைக்கு.

என் அத்தை இதில் கெட்டிக்காரி. மாயவரத்தில் டீச்சராக இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொன்னியின் செல்வன் கல்கியில் முதலில் வந்தது 1950 முதல் 1954 வரை, மணியம் படங்களோடு. அப்போது அத்தை கைக்குழந்தை. பின்னால் அதே பத்திரிகை மறுபடியும் தொடராகப் போட்டபோது வாராவாரம் சேர்த்து, ஐந்து பாகத்தையும் பைண்டு பண்ணிவிட்டார். பச்சைக் காலிகோ முதுகு. பூச்சி வராமல் இருக்க பைண்டர் பசையில் மயில்துத்தம் கலப்பாராம். அப்படியும் இராமபாணம் உள்ளே புகுந்து ஓட்டை போட்டிருக்கிறது. தையலைக் கொஞ்சம் தாராளமாக உள்ளே தள்ளித் தைத்ததில் வரிக்கு இரண்டு எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. 'வந்திய' வரைக்கும் தெரியும், மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் நான் படித்தது பாதி, ஊகித்தது பாதி.

மூன்றாம் பாகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கையெழுத்து. அந்த வாரத்து இதழை யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அத்தை இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கி, கோடு போட்ட தாளில் நீல மசியால் வரி விடாமல் எழுதியிருக்கிறார். படம் வர வேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம். அதற்குள்: 'நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும். கிழவர் முகம் நன்றாக வந்திருக்கிறது. நந்தினி மூக்கு சரியில்லை.'

போன வருஷம் அத்தை போய்விட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அவரை எங்களோடு அழைத்து வர மாயவரம் வீட்டைக் காலி பண்ணும்போது தம்பி கேட்டான்: "இதெல்லாம் போன்லயே கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டுப் போறே?" நியாயமான கேள்வி. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, கதை இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. நானே மெட்ரோவில் போனில்தான் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், என் வயசுக்கு அது பெரிய உபகாரம். காகித வாசனை பற்றி உருகுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பழைய செய்தித்தாள் காகிதத்தின் வாசனை எனக்குத் தும்மலைத்தான் தரும்.

போனில் இல்லாதது பின்பக்கம். கதை முடிகிற தாளைத் திருப்பினால், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தலைவலித் தைல விளம்பரம், பாதி ஜோக், தஞ்சாவூர்ப் பக்கம் மழை இல்லை என்று ஒரு வாசகர் கடிதம். யாரும் எடுத்து வைக்க நினைக்காதவை.

கடைசி இரண்டு வருஷம் அத்தை வளசரவாக்கத்தில் எங்களோடு இருந்தார். ஞாபகம் கரைய ஆரம்பித்திருந்தது. வந்த புதிதில் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தார். எங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் வீராணம் ஏரித் தண்ணீரும் உண்டு, 2004-லிருந்து போரூர் வழியாகச் சென்னைக்கு வருகிறது என்று சொன்னேன். கதை தொடங்குவதே அந்த ஏரிக்கரையில்தான். "வந்தியத்தேவன் வேடிக்கை பார்த்துட்டுப் போன தண்ணியாடா? அப்ப காய்ச்சியே குடு" என்றார். 2022-ல் படம் வந்து ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், "யாரு குந்தவை?" என்று கேட்டார்.

அவருடைய புத்தகத்தையே எடுத்துப் படித்துக் காட்டினால் ஏதாவது திரும்பும் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான். தினம் சாயங்காலம் படித்தேன். ஆழ்வார்க்கடியான் வந்தான், போனான். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அத்தியாயம் முடிந்து தாளைத் திருப்பினேன். பின்னால் வாழைப்பூ உசிலி செய்முறை. கதையைப் படித்த அதே குரலில் அதையும் படித்துக்கொண்டே போனேன். பருப்பை ஊற வைத்து, மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து... அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிட்டது.

"மிச்சம் எங்கேடா?" என்றார் அத்தை.

மிச்சம் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எடைக்குப் போயாயிற்று. அப்புறம் ஆவியில் வேக வைக்கணும், உதிர்க்கணும், கடுகு தாளிக்கணும் என்று நானாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"பூவை யாரு ஆஞ்சா?"

அதைச் சொல்ல விட்டுவிட்டேன். நரம்பை எடுத்து, நறுக்கி மோரில் போட வேண்டும் என்று அத்தை சொன்னார். நிதானமாக, வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி. சொல்லும்போதே விரல் நரம்பை உருவுகிறது. அதற்குப் பிறகு கதையை விட்டுவிட்டுப் பின்பக்கங்களைத்தான் படித்தோம். சில நாள் பலித்தது, பல நாள் இல்லை.

ஐந்து பாகமும் இப்போது என் மேஜை மேல். கல்கி அச்சில் வருவது 2020-ல் நின்றுவிட்டது, அதனால் பத்திரிகை அலுவலகத்தில் கேட்கும் யோசனையை விட்டுவிட்டேன். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். கிழித்துத் தைத்ததற்கு விலை கிடையாது சார், முழு இதழ் என்றால் பேசலாம் என்றார். எனக்கு வேண்டியதும் முழு இதழ்தான், ஒரே ஒரு வாரத்தினுடையது. ஆனால் பைண்டர் ஓரம் வெட்டியபோது தேதியும் சேர்ந்து போய்விட்டது.

"அத்தியாய நம்பர் இருக்கேப்பா, அதை வெச்சுத் தேடலாமே" என்கிறாள் மகள். சரிதான். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆயுசு பூராவும் சேர்த்து வைத்ததிலிருந்து, 1994-ல் தொடங்கியது. உசிலிக்கு யூடியூப் பார்த்தால் போதாதா என்று மனைவி கேட்டாள். அவள் கேட்பதிலும் தப்பில்லை. ஒரு சனிக்கிழமை போய் வரலாம் என்றிருக்கிறேன், சனிக்கிழமை திறந்திருப்பார்களா என்று முதலில் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.