இடது கால் இன்னும் தண்ணீருக்குள்ளேயே

ஒரு வாத்தின் கால்களைப் படம் பிடிக்க நான்கு காலைப்பொழுது, 600 படங்களுக்கு மேல். வலது கால் கிடைத்துவிட்டது. இடது கால் கிடைத்தபாடில்லை.

போன வாரம் நீலச்சிறகி வாத்துக் கூட்டத்துக்குள் ஒரு பெட்டையைப் பார்த்துப் பைகால் கிளுவை என்ற வேறு வாத்து என்று இங்கே சொன்னேன் அல்லவா, அதே பறவைதான். பாதிப் பேர் அதுவும் நீலச்சிறகிதான் என்றார்கள். சந்தேகம் நியாயமானது, நீலச்சிறகிப் பெட்டைக்கும் அலகடியில் வெளிறிய பொட்டு உண்டு. ஆனால் அதன் முகம் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். இதில் கோடுகள் மங்கல், பொட்டு நல்ல வட்டம், அதைச் சுற்றிக் கருமை. தொண்டையின் வெள்ளை கன்னத்தில் மேலேறுகிறது. இரண்டாம் நாள் எழும்பிச் சிறகடித்தபோது ஒரு படம் மாட்டியது: சிறகின் பச்சைப் பட்டைக்கு முன்னால் மெல்லிய செம்பழுப்பு விளிம்பு, பின்னால் வெள்ளை. நீலச்சிறகி என்றால் இரு பக்கமும் வெள்ளையாக இருந்திருக்கும். அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, இனம் முடிந்தது. அடுத்த கேள்விதான் வதைக்கிறது: இது தானாக வந்ததா, எங்காவது கூண்டிலிருந்து தப்பியதா? கிழக்கு சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் கொரியா, ஜப்பான், சீனா என்று போக வேண்டிய பறவை இது. அழகுக்காக வளர்ப்பவர்களும் உண்டு. 2018-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் உலகமே போய்ப் பார்த்த மாண்டரின் வாத்தின் காலில் வளையம் இருந்தது, யாரோ வளர்த்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அதனால்தான் எனக்கு இரண்டு காலும் வேண்டும்.

நீரில் மிதக்கும் வாத்தின் காலைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தலைகீழாகக் கவிழும்போது வால்தான் தெரியும். கரையேறினால் சேற்றில் கணுக்கால்வரை புதைந்துவிடும். தூங்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும், அந்தக் காலையும் வயிற்று இறகு மூடிக்கொள்ளும். வெயில் ஏறிவிட்டால் கானல் வேறு. ஈரமான சாம்பல் காலில் உலோக வளையம் இருந்தாலும் அதே நிறத்தில்தான் தெரியும், ஆகவே மங்கலான படம் எதற்கும் உதவாது.

தொலைநோக்கியில் போனை மாட்டித் தொடர் படங்கள் எடுத்தேன், எல்லாம் வீண். ஸ்லோமோஷன் வைத்தால் கூர்மை போய்விடுகிறது. கடைசியில் 4கே வீடியோவை ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிரேமாகப் பிரித்ததுதான் வேலை செய்தது. மூன்றாம் நாள் பறவை வலது காலைத் தூக்கிக் காதோரம் சொறிந்தது. இரண்டே நொடி. வளையம் இல்லை, பின்விரலும் முழுசாக இருக்கிறது (வளர்ப்புப் பறவைகளில் சிலவற்றுக்கு அதை வெட்டி அடையாளம் வைப்பது உண்டு). போனைத் தொலைநோக்கியோடு இணைக்கும் என்னுடைய அடாப்டரின் திருகு நடுவில் தளர்ந்து படம் சாய்ந்துவிட்டது. எல்லா போனுக்கும் பொருந்தும் என்று விற்கும் அடாப்டர் எதற்கும் ஒழுங்காகப் பொருந்தாது. அடுத்து என் போனுக்கென்றே அச்சில் வார்த்த உறை வாங்கப்போகிறேன்.

இடது காலிலும் வளையம் இல்லை என்று தெரிந்தாலும் காட்டுப் பறவை என்று அடித்துச் சொல்ல முடியாது. வளையம் போடாமல் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சிறகு இறகுகளில் கூண்டில் உரசிய தேய்மானம் இல்லை, பூனைப்பருந்து தலைகாட்டினால் கூட்டத்தில் முதலில் எழும்புவது இதுதான். ஆளைக் கண்டு அருகே வரும் பழக்கமும் கிடையாது.

உண்மையான பதில் இறகுக்குள் இருக்கிறது. இறகு முளைத்த இடத்து நீரின் ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதம் (கனமான ஹைட்ரஜனும் லேசான ஹைட்ரஜனும் கலந்திருக்கும் அளவு, இடத்துக்கு இடம் மாறும்) அதில் பதிந்துவிடும். 2005-இல் டென்மார்க்கில் சுடப்பட்ட ஒரு பைகால் கிளுவையின் இறகை இப்படிச் சோதித்துத்தான் சைபீரியப் பறவை என்ற முடிவுக்கு வந்தார்கள். இதற்கு முதலில் ஒரு இறகு உதிர வேண்டும், அதை எடுக்க அனுமதி வேண்டும், நூறு நீலச்சிறகிகள் உதிர்த்த இறகுகளுக்கு நடுவே அது இதன் இறகுதான் என்று தெரிய வேண்டும். அப்புறம் பார்க்கலாம்.

இடம் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இருவர் கரைவரை இறங்கியதில் மொத்தக் கூட்டமும் எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அங்கே சேறு குறைவு, கல்திட்டு இருக்கிறது. நாளை விடியுமுன் அந்தப் பக்கம் போய் உட்காரப்போகிறேன்.