70-ஆம் நம்பர் டிராலிபஸ்

மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்தான் டிராலிபஸ். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் அதன் நம்பர்கள் ஏன் 70-இல் தொடங்குகின்றன என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒன்று, இரண்டு எல்லாம் எங்கே போயின?

விஷயம் இதுதான். 1949 டிசம்பர் 21. சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கு 70-ஆவது பிறந்தநாள். அன்றைக்கே புது டிராலிபஸ் தடத்தைத் திறந்து, 70 என்றே நம்பரும் வைத்துவிட்டார்கள். ஓடியவை சோவியத் தயாரிப்பான எம்டிபி-82 வண்டிகள். முட்டை மாதிரி உருண்ட முகம், அதில் இரண்டு முன்கண்ணாடி. எனக்கென்னவோ அழகாகத்தான் தெரிகிறது! அப்புறம் ஸியு-5, ஸியு-9 வந்தன. ஸியு-9 ஏதென்ஸ் வரைக்கும் போன வண்டி.

டிராமுக்கு மேலே ஒரே கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர் டயர் வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் மேலே இரண்டு கம்பி, அவற்றைத் தொடக் கூரையில் இரண்டு கொம்பு. திருப்பத்தில் கொம்பு நழுவினால் வண்டி அப்படியே நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் பின்னால் போய், கயிற்றைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டுவார். மாட்டுப் பொங்கலன்று கொம்பைப் பிடிப்பதுபோல, ஆனால் சாவகாசமாக.

புடாபெஸ்ட்டில் இருந்த ஸ்டாலின் சிலையை 1956 ஹங்கேரியப் புரட்சியில் மக்களே சாய்த்துவிட்டார்கள். நம்பரை மட்டும் யாரும் தொடவில்லை. 70 இன்னமும் ஓடுகிறது.