வண்டி உயரத்துக்குக் கட்டின மில்லில் வீல்சேர் ஏறின கதை

திருமங்கலம் பக்கம், கரிசல் காட்டு ஓரத்தில் எங்கள் தாத்தா காலத்து ஜின்னிங் மில் ஒன்று இருக்கிறது. மதுரையில் மில் என்றால் எல்லோருக்கும் 1892இல் ஆரம்பித்த ஹார்வி மில்தான் ஞாபகம் வரும். அது நூல் மில். நூல் மில்லுக்குப் பஞ்சு போவதற்கு முன்னால் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க வேண்டுமே, அந்த வேலைதான் எங்கள் மில்லில். மெஷின் நின்று பல வருஷம் ஆன பிறகு, கூட்டிப் பெருக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கிற மாதிரி வைத்தோம்.

ஒரு நாள் வந்த வகுப்பில் ஒரு பிள்ளை வீல்சேரில் வந்திருந்தாள். மற்றவர்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து வரும் வரை, அவள் அம்மாவோடு வேப்பமரத்தடியில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள். யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மில்லின் தரை மண்ணிலிருந்து மூன்றடி உயரம். காரணம் அப்பாதான் சொன்னார். மாட்டுவண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினால், வண்டித் தட்டும் தரையும் ஒரே மட்டமாக இருக்கும். அழுத்திக் கட்டின பஞ்சுப் பொதியை, அதாவது தாட்டை, தூக்க வேண்டாம், உருட்டினாலே போதும். ஒரு தாட்டு 170 கிலோ. அதற்கு அவ்வளவு யோசித்தவர்கள் ஆள் ஏற மட்டும் ஐந்து குத்துப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, ஒரு சாய்தளம் போட்டால் முடிந்தது என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். நான் இல்லாத இரண்டு நாளில் பதினைந்தடி நீளத்துக்குப் போட்டு முடித்தே விட்டார். "எக்ஸ்எல்ல ரெண்டு மூட்டை சிமெண்டோட ஏறிப் பாத்துட்டேன்ணே, ஜம்முனு ஏறுது" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருபது வருஷமாக வீல்சேரில் இருக்கிறார். அவரை அழைத்து வந்தோம். இரண்டு பேர் தள்ளியும் பாதியில் சேரின் முன்சக்கரம் மேலே தூக்கியது. எப்படியோ ஏறிவிட்டார். மேலே நின்று கீழே பார்த்து, "ஏத்திட்டீங்க தம்பி, எறக்குறது யாரு?" என்றார்.

கணக்கை அவரே சொல்லிக்கொடுத்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். எங்கள் மூன்றடிக்கு முப்பத்தாறடி, நடுவில் மூச்சு வாங்க ஐந்தடி சமதளம், ஆக நாற்பத்தோரடி. முற்றத்தில் அவ்வளவு நேர் இடம் கிடையாது, கிணறு குறுக்கே வருகிறது. அதனால் அந்தச் சமதளத்திலேயே திருப்பி, ‘ட’ வடிவத்தில் போட்டோம். இரண்டு பக்கமும் கைப்பிடி, 76 சென்டிமீட்டரில் ஒன்று, 90இல் ஒன்று. பழையதை உடைத்த செலவைச் சொன்னால் அத்தை இன்னும் திட்டுவார்.

இன்னொன்று. பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. அதோடு சிமெண்டை ஒட்டிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்புப் பூத்து உதிரும். அதனால் சாய்தளத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித் தனியாகவே நிறுத்தி, இடைவெளிக்கு மேல் இரும்புத் தகடு போட்டோம். நாளைக்கு வேண்டாம் என்றால் சுவரைத் தொடாமல் எடுத்துவிடலாம்.

அனுமதிக்காக ஏறி இறங்கின அலுவலகத்தைப் பற்றி எழுதினால் அது தனிக்கதை. பழைய கட்டடத்துக்கு எதற்கு இதெல்லாம் என்றுதான் கேட்டார்கள். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும், இந்த அளவுகளை வெறும் யோசனையாக விடாமல் கட்டாய விதியாக்கச் சொல்லி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் அச்சடித்துக் கொண்டுபோன பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

கழிப்பறையிலும் ஒரு கூத்து. பிளம்பர் கைப்பிடி என்று மாட்டியது துண்டு போடுகிற கம்பி. வாத்தியார் பிடித்ததும் டைல்ஸோடு கையில் வந்துவிட்டது, நல்லவேளை விழவில்லை. பிறகு சுவரைக் குடைந்து போல்ட் வைத்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை எப்படித் தள்ளுவது?

மாடிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. ஜின் மெஷின்கள் வரிசையாக இருப்பது அங்கேதான். லிஃப்ட் வைத்தால் தேக்கு உத்தரத்தை அறுக்க வேண்டும். கடைசியில் ஒரு மெஷினை மட்டும் கழற்றிக் கீழே இறக்கினோம். இடம் மாறினால் வரலாறு போய்விடும் என்று ஆர்க்கிடெக்ட் நண்பர் கோபித்துக்கொண்டார். மாடியில் இன்னும் பதினொன்று இருக்கிறதே, அங்கே போய்ப் பார்க்கட்டும்.

அந்த இறக்கின மெஷின்தான் இப்போது எல்லோருக்கும் பிடித்த இடம். பார்வையில்லாத கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். தோல் சுற்றின உருளையைத் தடவினார், அதை ஒட்டி நிற்கிற கத்தியின் மழுங்கின விளிம்பில் விரல் வைத்தார். ஒரு கையில் விதையோடு பருத்தி, மறு கையில் பஞ்சு கொடுத்தோம். "நூறு கிலோ போட்டா எவ்வளவு பஞ்சு வரும்?" என்று கேட்டார். மூன்றில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் கொட்டை என்றேன். "அப்ப பருத்திப்பால்காரருக்குத்தான் லாபம்" என்று சிரித்தார்.

அந்த வேப்பமரத்தடிப் பிள்ளையின் பள்ளிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், இன்னும் வரவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை ஜல்லி கொட்டின பாதைதான், வீல்சேர் உருளாது. ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை காரிலோ ஆட்டோவிலோ வாருங்கள், கேட்டைத் திறந்து சாய்தளத்தடி வரைக்கும் விடச் சொல்லியிருக்கிறேன்.