உளவு பார்த்த ஆய்வாளர்கள்

1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும் என்று வேற்றுக்கிரகத்தார் தம் கைவழியே எழுதி உணர்த்துவதாகச் சொன்ன டோரதி மார்ட்டின் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சுற்றிக் கூடிய சிறு குழுவுக்குள், உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆய்வுக் குழுவினர் நம்பிக்கையாளர்களைப் போல நுழைந்தார்கள். சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் இதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. உள்ளே இடம்பிடிக்க ஓர் உதவியாளர் வெள்ளக் கனவொன்றைப் புனைந்து சொன்னார். நம்பிக்கையாளர்கள் அதையே மேலுலகச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கையை அளக்கப் போனவர்களே அதை வளர்த்தார்கள் என்றால் அந்த அளவீட்டை எப்படி ஏற்பது? வெள்ளம் வரவில்லை. ஆனால், அந்த நம்பிக்கைக்காகக் கல்லூரி வேலையையே இழந்த மருத்துவர் ஒருவர் மார்ட்டினின் குழுவில் இருந்தார். இங்கே சமயக் குழுக்களை ஆராய விரும்பும் நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள், தாம் யார் என்று சொல்லிவிட்டே அவர்கள் வாசற்படி ஏற வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.