கு நைரீ லியத்: ஐரிஷ் மொழியில் வாழ்த்தக் கற்றுக்கொண்ட கதை

அந்த அம்மாளுக்கு வயது 92. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரத்தில் நான் செவிலியராக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. கால்வேக்கு மேற்கே, இன்றும் ஐரிஷ் பேசப்படும் கொனமாரா பகுதியில் பிறந்து வளர்ந்தவர். மறதி நோய் முற்ற முற்ற, ஆங்கிலம் அவரிடமிருந்து கழன்றுகொண்டே போயிற்று. பள்ளியில் படித்த மொழி முதலில் போனது. அடுப்படியில் கேட்ட மொழி தங்கிவிட்டது.

ஒரு நாள் விடியற்காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தா தார்த் ஒரம், தா தார்த் ஒரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டேன். கழிவறைக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். தலையணையைச் சரிசெய்தேன். பகல் பணிக்கு வந்த உள்ளூர்ப் பெண் அதைக் காதில் வாங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாகமாக இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தும் ஒரு மூதாட்டியைத் தவிக்க விட்டேனே என்று அன்று பகல் முழுவதும் தூக்கம் வரவில்லை. மாலையில் எழுந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அந்த மூன்று சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதினேன்.

இங்கே உள்ளவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது இந்த மொழியை 'ஐரிஷ்' என்றே சொல்கிறார்கள். 'கேலிக்' என்றால் பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் பேசப்படும் உறவு மொழியைக் குறிக்கும். ஐரிஷ் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயர் 'கேல்கே'. 1937ஆம் ஆண்டு அரசியல் சாசனம் இதைத்தான் நாட்டின் முதல் ஆட்சி மொழி என்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தங்களுக்கு இம்மொழி பேசத் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்களோ 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சின்னக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் தண்ணீர் கேட்டு என் கையைப் பிடித்திருந்தார்.

கைபேசியில் மொழி கற்பிக்கும் செயலி ஒன்றில் தொடங்கினேன். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' என்ற வகை வாக்கியங்கள் இரண்டு வாரம் ஓடின. ஆசையோடு படித்தேன், ஆனால் அந்த அறையில் யாரும் ஆப்பிளைப் பற்றிப் பேசவில்லை. அதோடு வட்டார வழக்குச் சிக்கலும் இருந்தது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதற்குத் தெற்கே மன்ஸ்டரில் ஒரு வாக்கியம், வடக்கே அல்ஸ்டரில் வேறொன்று, எங்கள் மேற்கில் மூன்றாவதாக ஒன்று. நான் படித்த தெற்கத்தி வாக்கியத்தைச் சொன்னபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. "கே ஹீ வில் தூ" என்று கொனமாரா வழக்கில் கேட்ட அன்றுதான் முகம் திரும்பியது. "தா மே கு மா", நன்றாக இருக்கிறேன் என்றார். இந்த மொழியில் எனக்குக் கிடைத்த முதல் பதில் அது. படிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: யாரோடு பேசப் போகிறீர்களோ, அவர்கள் ஊர் வழக்கைத் தேடிப் பிடியுங்கள். 'டியங்லன்' என்ற இணைய அகராதியில் பல சொற்களை மூன்று வட்டார உச்சரிப்பிலும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு நான் தேய்த்த இடம் அதுதான். கொனமாராவிலிருந்து ஒலிபரப்பாகும் ராடியோ நா கெல்தாஹ்தா 1972 முதல் முழுக்க ஐரிஷில் பேசிக்கொண்டிருக்கிறது. சமைக்கும்போது அதை ஓட விட்டேன். முதல் மாதம் ஒரு சொல்லும் பிடிபடவில்லை, ஆனாலும் காது அந்த ஓசைக்குப் பழகியது.

எழுத்தைப் பார்த்தால் மிரட்சியாகத்தான் இருக்கும். எழுதியிருப்பது ஒன்று, வாய் சொல்வது வேறொன்று என்று தோன்றும். ஆனால் ஒரே 'க'வைக் கடல், பகல், தங்கம் என்று மூன்று விதமாக ஒலிக்கிற நமக்கு இது பெரிய மலை இல்லை. ஐரிஷின் பழைய நெடுங்கணக்கில் எழுத்துகள் 18 மட்டுமே. எழுத்து குறைவு, ஒலி அதிகம். அதனால் ஒலி மாறுவதற்கு விதிகள் இருக்கின்றன. 'மா' என்றால் நல்ல என்று பொருள். சில சொற்களுக்குப் பின்னால் வந்தால் அதுவே 'வா' ஆகிவிடும். மது அருந்தும்போது சொல்லும் 'ஸ்லான்ட்யா வா', அதாவது நல்ல உடல்நலம், இப்படிப் பிறந்ததுதான். நம் சந்தியில் பெரும்பாலும் இரண்டு சொல் சேரும் எல்லையில் மாற்றம் தெரியும்; இங்கே அடுத்த சொல்லின் தலையெழுத்தே மாறுகிறது. இன்னொரு மகிழ்ச்சி: இவர்களுடைய வன்மையான 'த' நாக்கு பல்லைத் தொடும் நம் 'த' தான். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்கள் பாடுபட்டுப் பழகும் ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

உண்மையில் எனக்குக் கதவைத் திறந்தது வேற்றுமை உருபுகள்தான். ஐரிஷில் 'என்னிடம் கார் இருக்கிறது' என்பதைச் சொல்லும் விதம் 'தா கார் அகம்'. 'அகம்' என்றால் என்னிடம். ஆங்கிலத்தைப் போல உடைமைக்குத் தனி வினை கிடையாது. தமிழைப் போலவே பொருள் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். பசி, தாகம், துக்கம், மகிழ்ச்சி எல்லாம் ஒருவர் 'மேல்' இருக்கின்றன. 'தா தார்த் ஒரம்' என்றால் தாகம் என் மேல் இருக்கிறது. 'தா ப்ரோன் ஒரம்' என்றால் துக்கம் என் மேல் இருக்கிறது, அதுவே மன்னிக்கவும் என்பதற்கும் ஆகும். நமக்குப் பசிக்கிறது, நமக்கு வலிக்கிறது. நாமாகப் பசியைச் செய்வதில்லை. இந்த மொழியும் அப்படியே நினைக்கிறது என்று தெரிந்த அன்று, எனக்கு அது அந்நிய மொழியாக இல்லாமல் போயிற்று. என் மேல், உன் மேல், அவர் மேல்; என்னோடு, உன்னோடு; என்னிடம், உன்னிடம் என்று அந்த உருபுகளை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். வேறு எதையும் அப்படி உருப்போடவில்லை. ஏனென்றால் வணக்கம், நன்றி, வாழ்த்து எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

'ஜீயா குவிட்' என்று வணங்கினால் கடவுள் உனக்கு என்று பொருள். பதில் சொல்பவர் ஒரு படி கூட்டி, 'ஜீயஸ் முவிர குவிட்', கடவுளும் மரியாளும் உனக்கு என்பார். வாங்கியதைவிடச் சற்று அதிகமாகத் திருப்பித் தரும் வழக்கம் அது. தும்மினால் 'ஜீயா லின்', கடவுள் நம்மோடு. தும்மியவரை மட்டும் அல்ல, அறையில் இருக்கும் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற சொல். 'குர மா அகத்' என்ற நன்றிக்கு உன்னிடம் நன்மை இருக்கட்டும் என்று பொருள். இதில் நன்றி என்று தனியாக ஒரு பெயர்ச்சொல் இல்லை. எதிரில் இருப்பவருக்கு ஒரு நல்லதை வேண்டுகிறோம்.

விடைபெறுவதில் நெடுநாள் ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன். பணி முடிந்து போகும்போது 'ஸ்லான் லியத்' என்று சொல்லிவிட்டுப் போவேன். அது போகிறவருக்குச் சொல்ல வேண்டியது. இருக்கிறவருக்கு 'ஸ்லான் அகத்'. கட்டிலைவிட்டு எழ முடியாத ஒருவரிடம் நான் தினமும் போய் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். 'போய் வருகிறேன்' என்பதற்கும் 'போய் வாருங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் வளர்ந்த எனக்கு அதன் கனம் உடனே உறைத்தது.

இதைத் திருத்தியவர், வாரம் ஒரு முறை கூடும் உரையாடல் வட்டத்தில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியை. தேநீரும் பிஸ்கட்டுமாக 8 பேர் உட்கார்ந்து, தெரிந்த அளவுக்கு ஐரிஷில் மட்டும் பேசுவோம். 'கூப்லா ஃபோகல்' என்பார்கள், இரண்டொரு சொல். கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல் என்று இவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதைப் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லித் தருவது நல்ல பழக்கம். எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

அதிர்ஷ்டத்துக்கான சொற்களை அந்த ஆசிரியையிடம்தான் முறையாகக் கற்றேன். அகராதியில் தேடினால் முதலில் கிடைப்பது 'ஆ'. 'ஆ மோர் ஓர்த்' என்றால் பெரிய அதிர்ஷ்டம் உன் மேல். தாகமும் துக்கமும் வந்து அமரும் அதே 'மேல்' தான். முன்னால் 'மீ' சேர்த்து 'மீ ஆ' என்றால் துரதிர்ஷ்டம். சொன்னால் எல்லாருக்கும் புரியும். ஆனால் காரியத்துக்குப் போகிறவரை வழியனுப்பும்போது இயல்பாக வாயில் வருவது 'கு நைரீ லியத்' என்றார் ஆசிரியை. அந்த வினைக்கு எழுவது என்பது ஒரு பொருள். 'உன்னோடு' என்ற உருபு சேர்ந்தால் பொருள் மாறி, உனக்கு அது கைகூடட்டும் என்றாகிவிடும். நம் 'கைகூடுதல்' கையையும் கூடுதலையும் விட்டு விலகி நிற்பது போலத்தான். பயணம் போகிறவரிடம் 'கு நைரீ அன் போஹர் லியத்' என்பார்கள், பயணம் உனக்கு வாய்க்கட்டும். இதைத்தான் சாலை எழுந்து உன்னைச் சந்திக்கட்டும் என்று யாரோ ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, அது தேநீர்க் கோப்பைகளிலும் சுவர்ப் படங்களிலும் உலகம் சுற்றுகிறது. அழகான வாக்கியம்தான், ஆனால் மூலத்தில் எந்தச் சாலையும் எழுவதில்லை.

'ரா' என்று இன்னொரு சொல். 'ஆ' தற்செயலாக விழும் அதிர்ஷ்டம் என்றால், 'ரா' ஒரு வீட்டிலோ வேலையிலோ தங்கி வளரும் விருத்தி. நாம் கைராசி என்று சொல்லும்போது நினைப்பது இதற்கு அருகில் வரும். ஒழுங்கு இருக்கும் இடத்தில்தான் 'ரா' இருக்கும் என்று பழமொழி. வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் 'பல் ஓ யீயா எர் அன் ஒபர்', வேலையின் மேல் கடவுளின் அருள் என்று சொல்லி, மத்தைப் பிடித்துச் சற்று நேரம் கடைந்து கொடுக்க வேண்டுமாம். கை கொடுக்காமல் போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டம் அவரோடு போய்விடும் என்று பழைய கிராமங்களில் நம்பினார்கள்.

அந்தப் 'பல் ஓ யீயா'வின் வலுவை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. அந்த அம்மாளின் பேத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எவ்வளவு அழகு என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவரை கண்மூடிக் கிடந்தவர் தலையைத் தூக்கி, "பல் ஓ யீயா இர்ஹி" என்று அழுத்தமாகச் சொன்னார். குழந்தை மேல் கடவுளின் அருள். குழந்தையையோ கன்றையோ அருள் சொல்லாமல் வெறுமனே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது இங்கும் உள்ள நம்பிக்கை. பேத்தி மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு விளக்கத் தொடங்கினாள். எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பாராட்டிய கையோடு திருஷ்டி கழிக்கும் வீட்டில் பிறந்தவள் நான். அதே சொற்களை நானும் திருப்பிச் சொன்னேன். அம்மாள் தலையைத் தலையணையில் சாய்த்தார்.

இதற்கிடையில் எனக்குக் கார் ஓட்டும் தேர்வு வந்தது. இந்திய உரிமத்தை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்வு எழுதி, கட்டாயமான பயிற்சி வகுப்புகளை முடித்து, பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். முந்தைய நாள் மாலை, அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, எனக்குத் தெரிந்த ஐரிஷில் சொன்னேன்: நாளை, கார், தேர்வு. இலக்கணம் சரியாக இருந்திருக்காது. அவர் கரண்டியைத் தள்ளிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் கேட்ட அன்று பிடித்த அதே பிடி. "கு நைரீ லியத்" என்றார். "குர மா அகத்" என்றேன். யாரையும் பக்கத்தில் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன். மறுநாள் போய்ச் சொன்னபோது மகிழ்ந்தார், அன்று மாலையே மறந்துவிட்டார். இப்போதும் பணி முடிந்து என் கையில் கார் சாவியைப் பார்த்தால், தேர்வு நாளைக்குத்தானா என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்ல ஐரிஷில் தனிச் சொல் இல்லை. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்கிறேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "கு நைரீ லியத்" என்கிறார். நான் நன்றி சொல்கிறேன், தண்ணீர் டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைக்கிறேன், "ஸ்லான் அகத்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.